மரண அறிவிப்பில் விட்டுப்போன ஒரு வரி

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் நாளிதழில் என் பாட்டியின் மரண அறிவிப்பு வந்தது. வயது 97, பேராக் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், பிள்ளைகள் ஐவர் என்று நாங்கள்தான் எழுதிக் கொடுத்தோம். எல்லாம் சரிதான், ஆனால் பாட்டி நேதாஜியின் படையில் ஒரு சிப்பாய் என்பதை அந்த அவசரத்தில் எழுத எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கருமாதி முடிந்த இரவு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்து வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

1935-இல், ஒன்பது வயதில், அப்பா அம்மாவோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் வந்து இறங்கியவர். வந்த அடுத்த வருடமே மங்கு, அதாவது ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம், கழுவும் வேலை. பள்ளிக்கூடம் கிடையாது.

அப்புறம் ஜப்பான்காரன் காலம். அரிசி கண்ணில் படாது, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. பாட்டியின் அண்ணனைச் சயாமில் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பி வரவே இல்லை. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார், அக்டோபர் 22-இல் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் அங்கே தொடங்கியது. அதில் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பாட்டிக்குப் பதினேழு வயது, அவருடைய அப்பா கைநாட்டு வைத்துக் கொடுத்தார்.

"நாட்டுக்காகப் போனீங்களா, சோத்துக்காகப் போனீங்களா பாட்டி?" என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. "ரெண்டுக்கும்தாம்மா. ஆனா அங்கதான் என்னை எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க" என்றார். தோட்டத்தில் கங்காணிக்கு அவர் வெறும் "ஏ குட்டி"தான். முகாமில் முடியை வெட்டி, காக்கி உடுத்தி, துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். அதை எப்படித் தோளில் வைப்பது என்று விளக்குமாற்றுக் கட்டையை வைத்து எனக்குக் காட்டியிருக்கிறார். கடைசி வருடத்தில் எங்கள் பெயரெல்லாம் அவருக்கு மறந்து போயிற்று. ஆனாலும் என் மகன் விளையாட்டாக "சாவ்தான்!" (நேராக நில் என்ற இந்திக் கட்டளை) என்று கத்தினால் போதும், போர்வைக்குள்ளே இரண்டு குதிகாலும் ஒட்டிக்கொள்ளும்.

1944-இல் பர்மாவுக்கு அனுப்பினார்கள். போனது எந்த வழியாக என்றால், அண்ணனைக் கொண்டுபோன அதே சயாம் ரயில் பாதை வழியாக. வண்டி மெதுவாக ஊர்ந்த இடங்களிலெல்லாம், அண்ணன் எங்கேயாவது நிற்கிறாரா என்று வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே போனாராம். இதைச் சொல்லும்போது மட்டும் பாட்டி கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவார்.

பர்மாவின் மேமியோ ஊர் மருத்துவமனையில் இம்பால் போர்முனையிலிருந்து வந்த காயக்காரர்களின் புண்ணிலிருந்து புழு எடுத்திருக்கிறார். போர்முனைக்கு அனுப்பவில்லையே என்ற குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. 1945 ஏப்ரலில் ரங்கூனைவிட்டுப் பின்வாங்கியபோது பகலில் விமானத்துக்குப் பயந்து மரத்தடியில் பதுங்கி, இரவில் நடந்திருக்கிறார்கள். நேதாஜியும் காலெல்லாம் கொப்புளத்தோடு கூடவே நடந்தார் என்பார். அந்தப் பின்வாங்கலில் ரயில்மீது நடந்த தாக்குதலில் இறந்துபோன ஸ்டெல்லா, ஜோசஃபின் இருவருக்கும் ஒவ்வொரு தீபாவளிக்கும் தனியாக ஓர் அகல் ஏற்றி வைப்பார்.

வீடு திரும்பியதும் மறுபடி உளியும் வாளியும்தான். வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டானே என்ற பயத்தில், காக்கி உடையில் அவர் எடுத்துக்கொண்ட ஒரே படத்தை அவருடைய அப்பா அடுப்பில் போட்டுவிட்டார். மலாயா சுதந்திரத்துக்குப் பிறகும் வெகுகாலம் பாட்டிக்குக் குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அடையாள அட்டைதான், குடிமக்களின் நீல அட்டைக்காக அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. படையில் இருந்ததற்குக் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட எங்களிடம் கிடையாது.

அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியை நமக்குத் தெரியும். அதே படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், நியாயமான மரியாதை, பாட்டியே அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தார். ஆனால் கைநாட்டு வைத்துவிட்டுப் போன தோட்டத்து லயத்துப் பெண்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? அவரவர் பேரப்பிள்ளைகளின் ஞாபகத்தில் மட்டும்தான். எங்களை மாதிரி அவர்களும் ஒருநாள் அவசரத்தில் விட்டுவிடுவார்கள்.

அதனால் ஐயா, ஒரு வேண்டுகோள். அம்மாயியோ அப்பாயியோ அந்தப் படையில் இருந்த வாசகர்கள் ஒரு வரி எழுதினால் ஞாயிறு பதிப்பில் போடுங்கள். பெயரும் தோட்டமும் இருந்தால்கூடப் போதும். யாரிடமாவது சிங்கப்பூர் முகாமில் எடுத்த பழைய படம் இருந்தால் தயவுசெய்து எனக்கும் ஒரு பிரதி வேண்டும். முகம் பார்த்தால் பாட்டியைக் கண்டுபிடித்துவிடுவேன், இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பேத்தி,
ஈப்போ