டிரெய்லர் கேட்டால் ஏன் இரண்டு நாள் பொறுக்கச் சொல்கிறோம்?

வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓர் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, நாளைக்கு விடியக்காலையில திரெங்கானு போறோம், டிரெய்லர வெளிய இழுத்து வச்சிடு, வந்து மாட்டிக்கிட்டுப் போயிடுறேன்" என்றார். அக்டோபரிலிருந்து எங்கள் கொட்டகையில் வாடகைக்கு நிற்கிற கேம்பர் டிரெய்லர் அது, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போய் உள்ளேயே தங்குகிற வண்டி. இரண்டு நாள் வேண்டும் என்று சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது, வாடகையும் வாங்கிக்கொண்டு வண்டியையும் பிடித்து வைத்திருக்கிறோம் என்கிற அளவுக்குப் பேச்சு போனது. அவர் கோபப்பட்டதில் தப்பில்லை. அந்த இரண்டு நாளில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று இதுவரை யாருக்கும் சொன்னதே இல்லை. அதற்குத்தான் இந்த மடல். வண்டியை வீட்டு வாசலிலோ தாமான் ஓரத்திலோ நிறுத்தியிருப்பவர்களும் படியுங்கள், சொல்லப்போனால் உங்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

கேம்பர் டிரெய்லர் பராமரிப்பு பற்றித் தேடிப் படித்தால் பாதிக்கு மேல் குளிர்நாட்டு ஆட்கள் எழுதியதாக இருக்கும். அங்கே பனிக்கு முன்னால் பூட்டி வைத்து வசந்தத்தில் திறக்கிறார்கள். குளிர் தாங்காமல் சுண்டெலி உள்ளே குடிபுகும், பூச்சிகளில் பெரும்பாலானவை முடங்கிக் கிடக்கும். நம் ஊரில் எந்தப் பூச்சிக்கும் லீவு கிடையாது. பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும்போது வண்டியை ஓரங்கட்டுகிறோம். நவம்பரில் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகள் பக்கம் தங்கும் விடுதிகளே மூடிவிடும், அப்புறம் மார்ச் வரை வண்டிக்கு வேலை இல்லை. எலி இங்கே வெப்பம் தேடி வருவதில்லை. நனையாத, இருட்டான, ஆள் நடமாட்டமில்லாத இடம் கிடைத்தால் போதும், மெத்தையோடு சேர்த்து அதை நாமே கொடுத்துவிடுகிறோம். எங்கள் கொட்டகை செபராங் பிறைப் பக்கம், பின்னால் செம்பனைத் தோட்டம். செம்பனைப் பழத்துக்கு எலி எப்படி வரும் என்று தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எலியைப் பிடிப்பதற்கென்றே கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகையைக் குடிவைக்கிற தோட்டங்கள் இருக்கின்றன.

சரி, வேலைக்கு வருவோம். நாங்கள் முதலில் கதவைத் திறப்பதில்லை. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒரு டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறோம். சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் சந்து போதும், உங்கள் பிள்ளையின் பென்சில் ஓர் ஓட்டைக்குள் போகிறது என்றால் சுண்டெலியும் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய் தரையைத் துளைத்து ஏறும் இடம், கேஸ் குழாய் ஏறும் இடம், ஒயர் போகும் இடம் ஆகிய மூன்றில்தான் பெரும்பாலும் வழி இருக்கும். எலி ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போவதால் அதன் உடம்பு உரசி ஓட்டையின் ஓரம் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. வழியை அடைக்காமல் எத்தனை எலியைப் பிடித்தாலும் அடுத்த வாரம் வேறு எலி வரும். அடைப்பதற்கு வெறும் ஃபோம் மட்டும் அடிக்காதீர்கள், அதைக் கடித்துத் துப்பிவிடும். சாதாரண இரும்புக் கம்பளியும் நம் கடற்கரைக் காற்றுக்குச் சீக்கிரம் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு வலையைத் திணித்து, மேலே சீலன்ட் பூசுகிறோம்.

எலி மருந்து பற்றிக் கேட்காதவர்களே இல்லை. வண்டிக்குள் வைக்க மாட்டோம், காரணமும் நாங்கள் பட்டதுதான். தொழில் தொடங்கிய புதிதில் நல்லது செய்வதாக நினைத்து ஒரு வாடிக்கையாளரின் வண்டியில் மருந்து வைத்தோம். எலி அதைத் தின்றது, தின்றுவிட்டு வெளியே போய்ச் சாகவில்லை, குளிர்பெட்டிக்குப் பின்னால் சுவர்ப் பலகைக்குள் புகுந்து செத்தது. மூன்றாம் நாள் நாற்றத்தில் யாராலும் உள்ளே கால்வைக்க முடியவில்லை, பலகையைக் கழற்றி, உள்ளே இருந்த பஞ்சை எல்லாம் பிய்த்தெறிந்து, எங்கள் செலவிலேயே மறுபடி போட்டுக் கொடுத்தோம். அன்றிலிருந்து பொறி மட்டும்தான்.

கதவைத் திறந்ததும் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே வந்துவிடுங்கள். பிறகு எச்சத்தைப் பாருங்கள், யார் வந்து போனது என்று அதுவே சொல்லிவிடும். அரிசி அளவில் இரண்டு முனையும் கூராக இருந்தால் சுண்டெலி, அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருந்தால் பெரிய எலி, மிளகுத்தூள் கொட்டியதுபோல் இருந்தால் கரப்பான். ஒரு நுனியில் வெள்ளையாக இருந்தால் அது பல்லி, அதற்குப் பதற வேண்டாம். ஆனால் பல்லியும் சுவிட்ச் பெட்டிக்குள் போய் ஒயரில் ஒட்டிச் செத்து ஷார்ட் ஆக்கியதைப் பார்த்திருக்கிறோம். எச்சம் கறுப்பாக, பளபளப்பாக, மெத்தென்று இருந்தால் ஆள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார். சாம்பல் நிறத்தில் தொட்டால் உதிர்ந்தால் பழையது.

தொட்டால் என்றேன், கையால் தொடாதீர்கள். விளக்குமாற்றை எடுத்துக் கூட்டவும் வேண்டாம், அந்தத் தூசி மூக்கில் போகும். எலி மூத்திரத்தில் லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், நம் ஊரில் அது அபூர்வமான நோய் இல்லை. கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஒரு பங்கு குளோரோக்ஸுக்கு (ப்ளீச்) ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அந்த இடத்தை நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, டிஷ்யூவால் துடைத்து எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். எலி கூடு கட்டிய மெத்தையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், வீசிவிடுங்கள். எத்தனை பேர் எங்களோடு இதற்குச் சண்டை போட்டிருக்கிறார்கள்!

கேஸ் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். குளவி மண்கூடு கட்டுவதற்குக் குழாய் போன்ற ஓட்டை என்றால் போதும், அடுப்பின் பர்னர் குழாய், சுடுநீர் ஹீட்டரின் புகைபோக்கி, கேஸ் குளிர்பெட்டியின் பின்பக்கம் எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். உள்ளே சிலந்தி வலை இருந்தாலும் காற்றும் கேஸும் சரியாகக் கலக்காது, தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து கரி பிடிக்கும். அப்படி எரிந்தால் உடனே அணைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள், கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். ரப்பர் குழாயை எலி கடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, சவர்க்கார நுரை தடவி, குமிழி விடுகிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். இன்னொன்று, தரையில் சின்ன வலையடித்த ஓட்டைகள் இருக்கும். பூச்சி வருகிறது என்று சிலர் அதைத் துணியால் அடைத்து வைத்திருக்கிறார்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கி வெளியேறுவதற்கென்றே வைத்த வழி அது. தயவுசெய்து அடைக்காதீர்கள், வலை கிழிந்திருந்தால் சொல்லுங்கள், மாற்றிக் கொடுக்கிறோம். கரப்பானுக்கு ஸ்ப்ரே அடிப்பவர்கள் அடுப்பு, ஹீட்டர் எல்லாம் அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள், டின்னில் உள்ள அந்தக் காற்றும் தீப்பிடிக்கும்.

மரத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். இங்கே செய்த அலமாரிகள் நிறைய ரப்பர் மரம் அல்லது மெரந்தி பிளைவுட். பால் மரத்தை வாழ்நாள் முழுக்கப் பார்த்த நம் தாத்தா பாட்டிக்கு அது எவ்வளவு சீக்கிரம் உளுத்துப்போகும் என்று தெரிந்திருக்கும், உள்ளே மாவுச்சத்து அதிகம், வண்டுக்கு விருந்து. குண்டூசித் தலை அளவு ஓட்டையும் அடியில் முகப்பவுடர் மாதிரி நைஸான தூளும் இருந்தால் அந்த வண்டுதான். மணல்மணி போலக் குட்டிக் குட்டி உருண்டைகளாகக் கொட்டிக் கிடந்தால் காய்ந்த மரத்தில் வாழும் கரையான். மண் வரிகள் ஏறியிருந்தால் நிலத்திலிருந்து வந்த கரையான், அது சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டை வழியாகத்தான் ஏறியிருக்கும். மண் தரையில் மரக்கட்டை வைத்து வண்டியை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே கட்டையைப் புரட்டிப் பாருங்கள், இந்த மடலை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

கூடாரத் துணியை வெயிலில் முழுசாக விரித்து உதறுங்கள், மடிப்பில் பூரானும் ராமபாணப் பூச்சியும் இருக்கும். மடிப்பில் தண்ணீர் தேங்கியிருந்தால் கொட்டியதோடு விடாமல் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி மழைத்தண்ணீர் பட்டால் ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உங்கள் வாசலில் நிற்கிற வண்டியில் கொசுப்புழு இருந்தாலும் அபராதம் உங்களுக்குத்தான்.

ரசகற்பூர உருண்டை போட்டு வைத்தேனே என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். எலி அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, ஆனால் அந்த வாசனை துணியை விட்டு மாதக்கணக்கில் போகாது. அதைவிட முக்கியம், இங்கே பிள்ளை பிறந்ததும் ஜி6பிடி என்கிற நொதிக் குறைபாடு இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள் இல்லையா, அது இருக்கிற குழந்தைக்கு இந்த உருண்டையில் உள்ள நாப்தலீன் ஆபத்து, ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். உங்கள் பிள்ளைக்கு இல்லாவிட்டாலும் கூட வருகிற அக்கா பிள்ளைக்கு இருக்கலாம். பண்டான் இலை? டாக்சிக்காரர்கள் வைக்கிறார்கள், நாங்களும் வைத்துப் பார்த்தோம், வண்டி மணமாக இருந்தது, காய்ந்த இலைக்கு அடியில் கரப்பானும் சௌக்கியமாக இருந்தது.

இரண்டு நாள் எதற்கு என்றால், முதல் நாள் சாயங்காலம் எல்லாம் துடைத்து வழிகளை அடைத்த பிறகு தரையில் முகப்பவுடரை லேசாகத் தூவிப் பூட்டிவிடுகிறோம் (மாவு தூவாதீர்கள், அது சாப்பாடு). மறுநாள் காலையில் தடம் இருந்தால் இன்னும் யாரோ உள்ளே இருக்கிறார்கள், பொறி வைக்க வேண்டும். தடம் இல்லையென்றால் ஒயர், பின்பக்க விளக்கு, இழுவைப் பிளக் எல்லாவற்றையும் சோதித்து அன்று சாயங்காலமே கொடுத்துவிடலாம். இரவு ஒன்று நடுவில் கழியாமல் அது தெரியாது, அதனால்தான் வெள்ளிக்கிழமை கூப்பிட்டால் எங்களால் முடிவதில்லை. புதன்கிழமைக்குள் சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமை மாலை வண்டி தயார், இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

அந்த அண்ணனின் வண்டியில் தடம் இருந்தது. திங்கட்கிழமை பொறியில் இரண்டு விழுந்தன. அவர் புதன்கிழமை வந்து எடுத்துப் போனார், போகும்போது டீக்குக் காசு கொடுத்தார்.

கடைசியாக, நீல மூடி போட்ட பெரிய முறுக்கு டின் ஒன்று ஒரு வண்டியின் மேல் அலமாரியில் இருந்தது, தீபாவளி முறுக்காகத்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் மூடியின் ஒரு பக்கம் கடிபட்டிருந்தது. முறுக்கு மிச்சமில்லை. டின்னைக் கழுவிக் கல்லாவில் வைத்திருக்கிறோம், உங்களுடையது என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.