பட்டர்வொர்த் திரையிடலுக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018), மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022) இரண்டையும் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்தில் திரையிட்டு முடித்தோம். சண்டைக் காட்சி இல்லாத கிராமத்துப் படத்துக்கு யார் வருவார்கள் என்று பயமுறுத்தியவர்களே, நாற்காலி கிடைக்காமல் ஓரமாக நின்று பார்த்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

வாடகை வாங்காமல் மண்டபம் தந்த கோயில் நிர்வாகம், முறைப்படி அனுமதி வாங்கித் தந்த நண்பர், புரொஜெக்டர் கொடுத்த ஆசிரியர், எல்லாருக்கும் நன்றி. மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) செய்து கொண்டுவந்த அக்காமார்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. இரண்டாம் நாள் கூட்டத்தில் பாதி அதற்காகத்தான் வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தவர்கள், நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கமிருந்து வேன் பிடித்து வந்த பெரியவர்கள். ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறை. முதல் படத்தில் தேனி மலையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமி, பாடுபட்டு ஒரு துண்டு நிலம் வாங்குகிறார். கடைசியில் அதே நிலத்தில் எழும் காற்றாலைக்குக் காவலாளி ஆகிறார். விளக்கு போட்டதும் ஒரு பாட்டி எழுந்து, “எங்க வீட்டுக்காரரும் தோட்டத்த வித்தப்புறம், அங்க கட்டுன பேக்டரிக்குத்தான் ஜாகா வேலைக்குப் போனாரு” என்றார். ஜாகா என்றால் காவலாளி.

அப்புறம் பேச்சு நிற்கவில்லை. தோட்டத் துண்டாடல் பற்றி ஒருவர் சொன்னார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போன தோட்டங்களை வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்க, வேலையோடு, தோட்டத்தில் குடியிருந்த லயத்து வீடும் போனது. தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்குவதற்காக, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தன் அப்பா சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு சேர்ந்த கதையையும் சொன்னார்.

'கடைசி விவசாயி'யில், குலதெய்வப் படையலுக்கு நெல் விளைவிக்கும் மாயாண்டித் தாத்தா, செத்த மயில்களைப் புதைக்கப் போய் வழக்கில் மாட்டுகிறார். அரங்கமே அவர் பக்கம். ஒரு பெரியவர் மட்டும், “அவருக்காவது நெலம் சொந்தம். எங்களுக்கு வெட்டுன மரம்கூடச் சொந்தமில்ல” என்றார். இந்தப் படத்தைப் பற்றி இவ்வளவு கூர்மையான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஐயா, அதற்குத் தனி நன்றி.

அடுத்து, தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்புக்கு வந்த நம்மூர்க் குடும்பத்தின் கதையான 'ஜகாட்' (2015) படத்தைத் திரையிட ஆசை. பெரியவர்களே, இந்த முறை வேன் வாடகை எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
திரையிடல் குழுவினர்