கலவைப் பெட்டிக்குப் பதில் பத்து மதிப்புகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் கண்காட்சி நெருங்கும் மாதங்களில் "600 ரெசிஸ்டர், 30 மதிப்புகள்", "37 சென்சார்கள் ஒரே பெட்டியில்" என்று விற்கும் கலவைப் பெட்டிகளைப் பெற்றோரும் பள்ளிகளும் ஆர்வத்தோடு வாங்குகிறார்கள். கொடுத்த காசுக்கு நிறையக் கிடைத்த மாதிரிதான் தோன்றும். இரண்டே மாதத்தில் 1கே (1000 ஓம்), 10கே ரெசிஸ்டர்கள் தீர்ந்துவிடும். 27 ஓமும் 820கேயும் பிரிக்காத கட்டாகக் கிடக்கும். வீட்டில் சர்க்யூட் செய்து பழகும் பிள்ளைக்கு எதை, எவ்வளவு வாங்கி வைக்கலாம் என்று தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரில் தொடங்குவோம். 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்று போகும் வரிசையை 10 ஓமிலிருந்து 1 மெகா ஓம் வரை முழுதாக வாங்கினால் 61 மதிப்புகள் வரும். பழகுகிறவருக்கு அத்தனையும் வேண்டாம். 100, 220, 330, 470 ஓம், 1, 2.2, 4.7, 10, 47, 100 கிலோ ஓம். இந்தப் பத்தும் கால் வாட்டில் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். 330 ஓம், 1கே, 10கே மூன்றையும் நூறு நூறாக வாங்குங்கள். மற்றவை இருபத்தைந்து போதும். 5கே கேட்டால் இரண்டு 10கேயைப் பக்க இணைப்பில் போடலாம். 3.3கே கேட்கும் இடத்தில் 2.2கேயும் 1கேயும் தொடராகச் சேர்ந்தால் 3.2கே, எல்இடிக்கும் டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்கும் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. 330 ஓம் ஏன் அவ்வளவு என்றால், 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 3 வோல்ட்டுக்கு 9 மில்லி ஆம்பியர் ஓடும். கண்ணுக்குப் போதிய வெளிச்சம், எல்இடிக்கும் ஆபத்தில்லை.

இப்போது நிறைய கிடைப்பது நீல உடம்புள்ள, ஐந்து பட்டை போட்ட 1 சதவீத ரெசிஸ்டர். இதில் ஒரு சிக்கல் உண்டு. 1கேயின் பட்டைகள் பழுப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு, பழுப்பு. அதையே மறுமுனையிலிருந்து படித்தால் பழுப்பு, பழுப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு. அது 110 ஓம்! இரண்டுமே உண்மையில் விற்கும் மதிப்புகள் என்பதால் படித்ததில் தப்பு என்று சந்தேகமே வராது. போதாததற்கு, நீலத்தின் மேல் பழுப்பையும் சிவப்பையும் பிரித்துப் பார்ப்பது டியூப்லைட் வெளிச்சத்தில் பெரியவர்களுக்கே கஷ்டம். ஆகவே எந்தப் பாகத்துக்கும் முன்னால் ஓம், வோல்ட் எல்லாம் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ரெசிஸ்டரை அளந்து பார்க்காமல் பிரெட்போர்டில் (சால்டர் செய்யாமல் பாகங்களைச் செருகும் துளைப் பலகை) செருகக் கூடாது என்பதைப் பிள்ளைக்கு முதல் நாளிலேயே பழக்கிவிடுங்கள்.

மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டரில் தாராளமாக வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: 104 என்று அச்சிட்ட செராமிக். 10க்குப் பின்னால் நான்கு சுழியம், அத்தனை பிகோ ஃபாரட், அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். கடையில் "பாயின்ட் ஒன்" என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு ஐசியின் (பல பாகங்கள் அடங்கிய சில்லு) பவர் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில், காலை ஒட்டியே இது ஒன்று வேண்டும். இது இல்லாத 555 டைமர் ஐசி சர்க்யூட் தன் பாட்டுக்குத் துடிக்கும். பக்கத்தில் துடிப்புகளை எண்ணும் கவுன்ட்டர் ஐசி ஒன்றுக்குப் பதில் இரண்டாக எண்ணும். பிள்ளை ஐசி போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கும். நூறு வாங்கி வையுங்கள். எண்ணைப் படிக்கும்போது கவனம் வேண்டும்: 220 என்று இருந்தால் அது 22 பிகோ ஃபாரட், 221தான் 220 பிகோ ஃபாரட்.

எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரை மட்டும் சேர்த்து வைக்காதீர்கள். 10, 100, 470, 1000 மைக்ரோ ஃபாரட், எல்லாம் 25 வோல்ட், வகைக்குப் பத்து. உள்ளே இருக்கும் திரவம் நம் ஊர் வெயிலில் மெல்ல மெல்ல வற்றும். வருடக் கணக்கில் சும்மா கிடந்தால் அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலமும் தளர்ந்துபோகும். பழையதை எடுத்து நேராக முழு வோல்ட்டில் மாட்டினால் கசிந்து சூடாகும். முதலில் ஒரு 1கே ரெசிஸ்டர் வழியாக, அதற்குரிய வோல்ட்டுக்குள், ஒரு மணி நேரம் சார்ஜ் ஆக விட்டால் பல சமயம் தேறிவிடும். உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றிப் போட்டால் வெடிக்கும். முகத்தைக் குனிந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு இது விளையாட்டில்லை.

சிறு மின்னோட்டத்தால் பெரியதைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டரில் பிசி547 ஐம்பது, பிசி557 இருபது. தட்டைப் பக்கம் நம்மைப் பார்த்து, கால்கள் கீழே இருந்தால் பிசி547இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். குழப்பம் 2என்2222 என்ற டிரான்சிஸ்டரில்தான். பிளாஸ்டிக் உடம்பில் வரும் பிஎன்2222ஏ எமிட்டரில் தொடங்கும். பி2என்2222ஏ கலெக்டரில் தொடங்கும். ஒரே மாதிரி இருக்கும், ஒரே டப்பாவில் கலந்தும் கிடக்கும். தலைகீழாக மாட்டினால் உடனே எரிந்துபோவதும் இல்லை. பெருக்கம் மட்டும் படுத்துவிடும். ரிலே (காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒட்டியும் ஒட்டாமலும் கிடக்க, எங்கே தப்பு என்று தெரியாமல் ஒரு சாயங்காலமே போய்விடும். மல்டிமீட்டரில் டிரான்சிஸ்டர் துளை இருந்தால் இரண்டு விதமாகவும் செருகிப் பாருங்கள். எண் இருநூறை ஒட்டி வருவது சரியான பக்கம், பத்துக்குள் வந்தால் தலைகீழ்.

மோட்டார் ஓட்ட மாஸ்ஃபெட் (பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் வகை) வாங்குகிறவர்கள் ஐஆர்எஃப்இசட்44என் வாங்கி ஏமாறுகிறார்கள். அது முழுதாகத் திறக்க அதன் கேட் காலில் 10 வோல்ட் வேண்டும். ஆர்டுயினோ என்ற கட்டுப்பாட்டு போர்டின் 5 வோல்ட்டில் பாதி திறந்த கதவு மாதிரி நின்று சூடேறும். கேட்க வேண்டியது ஐஆர்எல்இசட்44என். நடுவில் அந்த ஒரு எழுத்துதான் வித்தியாசம். ரிலே வாங்கும்போதும் அதன் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) வோல்ட்டைச் சொல்லுங்கள். சுகர் கியூப் ரிலே 5, 12, 24 வோல்ட் எல்லாமே பார்க்க ஒன்று போலிருக்கும். காயிலுக்குக் குறுக்கே, ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் 1என்4007 டயோடு ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் ரிலே விடும்போது எழும் மின் அழுத்தம் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். அந்த டயோடு இருபத்தைந்து இருக்கட்டும். அதன் கால் தடிமன். பிரெட்போர்டு துளையில் திரும்பத் திரும்பச் செருகினால் உள்ளே இருக்கும் பிடி தளர்ந்து, பிறகு அதே துளையில் மெல்லிய ரெசிஸ்டர் கால் நிற்காது.

பிரெட்போர்டு என்றதும் ஒன்று. 830 துளை போர்டுகள் பலவற்றில் ஓரத்து பவர் வரிசை நடுவில் துண்டாகியிருக்கும். சிவப்புக் கோடு நடுவில் விட்டுப் போயிருக்கிறதா என்று பார்த்து, ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுங்கள்.

ஐசிகளில் 555 பத்து, எல்எம்358 (சிக்னல் பெருக்கி) ஐந்து, இவை இரண்டுக்கும் எட்டுக்கால் ஐசி பேஸ் (ஐசியைச் செருகும் சாக்கெட்) இருபது, 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்) ஐந்து. 7805க்கு 12 வோல்ட் கொடுத்து அரை ஆம்பியர் எடுத்தால் மூன்றரை வாட் சூடாகவே வீணாகும். ஹீட் சிங்க் இல்லாமல் அது தாங்காது, தானாக நின்றுவிடும். ஐசிகளை தெர்மாகோலில் குத்தி வைக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. தயவுசெய்து விடுங்கள். தெர்மாகோல் உரசலில் நிலைமின்சாரத்தைச் சேர்த்து வைக்கும். சிடி4017 போன்ற சிமாஸ் ஐசிகளும் மாஸ்ஃபெட்டுகளும் அதிலேயே செத்துப்போகலாம், வெளியில் ஒரு அடையாளமும் தெரியாது. மின்சாரம் கடத்தும் கறுப்பு ஃபோம் கிடைக்காவிட்டால் தெர்மாகோல் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, அதன் மேல் குத்துங்கள்.

கண்காட்சியில் திடீரென்று நின்றுபோகும் பொம்மைக்கார்களுக்கும் ரோபோக்களுக்கும் அடிக்கடி காரணமாவது அந்தச் சின்ன 9 வோல்ட் பேட்டரி. மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டத்தை அதனால் தர முடியாது. வோல்ட் சரிந்து ஆர்டுயினோ மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நான்கு பென்டார்ச் செல் போட்ட ஹோல்டர் மோட்டாருக்குத் தனியாக, போர்டுக்கு யுஎஸ்பி தனியாக, கிரவுண்டை மட்டும் சேர்க்க வேண்டும். 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட 18650 லித்தியம் செல்களை நம்பாதீர்கள். அந்த அளவுச் செல்லில் நல்ல தயாரிப்பே 3500ஐ ஒட்டித்தான் வரும். பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத வெறும் லித்தியம் செல்லைப் பள்ளிப் பிள்ளை கையில் கொடுக்கவே வேண்டாம்.

வாங்கியதை வைக்கத் தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டிய அலமாரியே போதும். ஒவ்வொன்றின் முகப்பிலும் மதிப்பை எழுதுங்கள். கட்டுகளுக்கு ரப்பர் பேண்டு போடாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் கால்களைக் கறுக்க வைக்கும், கறுத்த காலில் ஈயம் ஒட்டாது. கடலோர ஊர்களில் ஜிப் கவரும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் அவசியம். சால்டரிங்குக்கு ஈயக் கம்பி 60/40, 0.8 மில்லிமீட்டர், உள்ளே ரோசின் (ஈயம் ஒட்ட உதவும் பிசின்) உள்ளது. பாத்திரத்துக்கு ஈயம் பூசும் நவச்சாரத்தையோ ஆசிட்டையோ போர்டில் தொடவிடாதீர்கள். ஒட்டும்போது பளபளக்கும், பிறகு தாமிரத்தை அரித்துவிடும். சால்டரிங் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.

இவ்வளவையும் சென்னை ரிச்சி தெருவிலோ தங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ எண் சொல்லி, சில்லறையாகவே வாங்கலாம். பள்ளிகளும் கொள்முதல் பட்டியலில் "எலக்ட்ரானிக் பாகங்கள் பெட்டி, 1" என்று எழுதாமல் பாகம், மதிப்பு, எண்ணிக்கை என்று எழுதிக் கேட்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் செய்முறை வெளியிடும்போது "டிரான்சிஸ்டர் ஒன்று, கெபாசிட்டர் ஒன்று, பேட்டரி ஒன்று" என்று விட்டுவிடாதீர்கள். அதை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும் பிள்ளையால் எதையும் வாங்க முடியாது. டிரான்சிஸ்டரின் முழு எண், அதன் கால் வரிசை, கெபாசிட்டரின் வோல்ட், ரிலேயின் காயில் வோல்ட், எந்த பேட்டரி என்ற ஐந்தும் படத்தின் கீழேயே அச்சாகட்டும்.

இப்படிக்கு,
மின்னணுப் பயிற்சியாளர் ஒருவர்,
குரோம்பேட்டை, சென்னை.