முத்தியால்பேட்டைப் பெட்டியைத் திறக்கப் போகும் மருமகனுக்கு

அன்புள்ள முகிலனுக்கு,

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) வீட்டைக் காலி செய்கிறார்கள், இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய எல்.பி. இசைத்தட்டு இருக்கிறது, நூற்றைம்பதுக்குக் குறையாது, மொத்தமாக ஒரு விலை கேட்கச் சொல்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தாய். ராக், ஃபோக், ப்ளூஸ் மூன்றும் கலந்து கிடக்கிறதாம். ஆனால் அட்டையெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருப்பதால் வேண்டாமென்று விட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தாய்.

பூஞ்சைக்காக விடாதே மாப்ளே. அந்த வீட்டில் ஓடிய பழைய பிளேயரின் முள்ளுக்குப் பயப்படு.

பூஞ்சைக்கு வேண்டியது காகிதமும் கைரேகை எண்ணெயும் ஈரமும். தட்டு பி.வி.சி.; அது பூஞ்சைக்குச் சரியான தீனி இல்லை. கழுவினால் பெரும்பாலும் போய்விடும். பல வருஷம் ஒரே இடத்தில் படர்ந்து கிடந்தால் மட்டும் லேசான சரசரப்பு மிஞ்சும். தேய்ந்த பள்ளம் அப்படியில்லை. இப்போது வரும் நல்ல கார்ட்ரிட்ஜ்கள் (முள்ளைத் தாங்கும் தலைப்பகுதி) 2 கிராம் சுமையை ஒட்டித்தான் தட்டின்மேல் உட்காருகின்றன. அந்தக் காலத்துப் பெட்டி பிளேயர்களில் இருந்த செராமிக் கார்ட்ரிட்ஜ் 5 கிராம், அதற்கு மேலும் அழுத்தும். அதிலே நீலக்கல் முள் இருந்து, அதை மாற்றாமல் வருஷக்கணக்காக ஓட்டியிருந்தால், முனை தேய்ந்து உளி போலாகி, பள்ளத்தின் இரண்டு சுவரையும் சீவி எடுத்திருக்கும். சீவிப்போன சுவரில்தான் பாட்டின் மேல்சுரங்கள் இருந்தன. எந்தக் கழுவலும் அதைத் திருப்பித் தராது.

ஆகவே அட்டையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தட்டைப் பார். ட்யூப்லைட் வெளிச்சம் இதற்கு உதவாது. ஜன்னலோரம் வெயிலில், அல்லது செல்போன் டார்ச்சைத் தட்டுக்குக் கிட்டத்தட்டப் படுக்கை வசமாகப் பிடித்துச் சாய்த்துப் பார். நல்ல தட்டு கருப்பாகப் பளபளக்கும். தேய்ந்த தட்டில், சத்தம் அதிகமுள்ள பகுதிகள் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி மங்கித் தெரியும். இந்தச் சாம்பலைத் தூசி என்று நினைத்து வாங்கி ஏமாறுகிறவர்கள் அதிகம். ஈரத் துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பார். மங்கல் அப்படியே இருந்தால் அது தேய்மானம்.

அடுத்து நடு ஓட்டையைச் சுற்றி லேபிளைப் பார். தட்டை வைக்கும்போதெல்லாம் பிளேயரின் நடுக்கம்பியான ஸ்பிண்டில் உரசி மெல்லிய பளபளக் கோடு விழும். கோடுகள் சிக்கல் நூல் மாதிரி இருந்தால், விற்கிறவர் என்ன சொன்னாலும் அந்தத் தட்டு நிறைய ஓடியிருக்கிறது. பிறகு கீறல். விரல் நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டு. நகத்தில் தட்டாத கீறல் பெரும்பாலும் காதிலும் பெரிதாகத் தட்டாது. குறுக்குக் கீறலால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், சுற்றுக்கு ஒரு முறை, 33⅓ வேகத்தில் 1.8 நொடிக்கு ஒன்று. பொறுத்துக்கொள்ளலாம். பள்ளத்தோடு ஒட்டிச் சாய்வாகப் போகிற கீறல்தான் மோசம், முள்ளைப் பக்கத்துப் பள்ளத்துக்குத் தள்ளிவிடும். 'கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி' என்று நாம் திட்டுவது இந்த ரகத்தைத்தான்.

அந்த வீட்டில் ஓடுகிற பிளேயர் இருந்தாலும் அதில் போட்டுப் பார்க்காதே. உன் பிளேயரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமானால், ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டின் கடைசி நிமிஷத்தை மட்டும் கேள். விளிம்பில் முள்ளுக்கு அடியில் பள்ளம் நொடிக்கு சுமார் 51 செ.மீ. ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ. ஆகக் குறைந்துவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்துப் பதிந்திருப்பதால், தேய்மானம் முதலில் அங்கேதான் கரகரக்கும். கடைசிப் பாட்டில் குரலின் 'ஸ' ஓசை கிழியாமல் வந்தால் தட்டு முழுதும் பிழைத்தது.

சொல்தா வீடு என்பதால் ஒரு நன்மை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் லீவில் வரும்போது கொண்டுவந்த தட்டுகள் என்றால், பாதிக்கு மேல் பிரான்சில் அச்சானதாக இருக்கலாம். லேபிளின் ஓரத்தில் பிரெஞ்சுப் பாட்டு உரிமைச் சங்கமான சாசெம் (SACEM) பெயர் இருக்கிறதா பார். சில உறைகளின் பின்பக்கம் அடியில், அச்சகத்தின் பெயரோடு 'தெபோ லெகால்' (Dépôt légal, சட்டப்படி அரசிடம் படி ஒப்படைத்த பதிவு) என்று போட்டு ஆண்டும் தந்திருப்பார்கள். உறை அச்சான காலத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பாட்டு வெளிவந்த ஆண்டோடு அதைக் குழப்பிக்கொள்ளாதே. மறு அச்சுகள் ஏராளம். முதல் அச்சுக்குத்தான் மவுசு, மறு அச்சு கேட்பதற்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

கூடவே கல்கத்தா டம்டம் ஆலையில் கிராமஃபோன் கம்பெனி அச்சிட்ட இந்தியத் தட்டுகளும் இருக்கும். இந்தியத் தட்டு என்றாலே மட்டம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பலவற்றில் பாட்டு முடிந்த பிறகு லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தில் இங்கிலாந்து மேட்ரிக்ஸ் எண்ணே (மூல அச்சின் அடையாள எண்) இருக்கும், அதாவது அங்கே வெட்டிய அச்சிலிருந்து வந்தவை. குறை வருவது தட்டில் அல்ல, மெல்லிய அட்டையில்தான்.

அந்த வெற்று வளையத்தைப் படிக்கக் கற்றுக்கொள். எச்.எம்.வி.யின் தாய்க் கம்பெனியான ஈ.எம்.ஐ. இங்கிலாந்தில் அச்சிட்ட தட்டில், மேட்ரிக்ஸ் எண்ணை ஆறு மணி இடத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்பது மணி இடத்தில் ஒரு எண்ணும் மூன்று மணி இடத்தில் ஓரிரு எழுத்தும் இருக்கும். எண் தாய் அச்சைக் குறிக்கும். எழுத்து, அந்தத் தாய் அச்சிலிருந்து எடுத்துத் தட்டை அழுத்திய ஸ்டாம்பர் என்ற உலோக அச்சைக் குறிக்கும். கிராமஃபோன் என்ற கம்பெனிப் பெயரின் ஆங்கில எழுத்துகளையே இலக்கமாக வைத்திருந்தார்கள்: ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4. ஆகவே 'ஆர், ஏ' என்றிருந்தால் 23ஆவது ஸ்டாம்பர். சிறிய எண் என்றால் முதல் கட்டத்தில் அழுத்தியது. அமெரிக்கத் தட்டு ஏதும் சிக்கி, அது லெட் ஸெப்பலினின் 1969 இரண்டாவது ஆல்பமாக இருந்தால், வளையத்தில் 'ஆர்.எல்.' என்று கீறியிருக்கிறதா பார். ஒலிப் பொறியாளர் ராபர்ட் லுட்விக் மூலத் தட்டில் பள்ளம் வெட்டிய பதிப்பு அது. பேஸ் பலமாக இருந்ததால் மலிவு பிளேயர்களில் முள் எகிறியது. கம்பெனி அதை விட்டுவிட்டு அடக்கமாக மறுபடி வெட்டியது. பழையதைத்தான் இன்று எல்லாரும் தேடுகிறார்கள்.

உறைக்குள் இருக்க வேண்டியது இருக்கிறதா என்பதும் முக்கியம். பீட்டில்ஸின் 1968 வெள்ளை அட்டை இரட்டைத் தட்டில் நான்கு படங்களும் ஒரு போஸ்டரும் வர வேண்டும். பிங்க் ஃப்ளாய்டின் 1973 முக்கோண அட்டையில் இரண்டு போஸ்டர், இரண்டு ஸ்டிக்கர். ரோலிங் ஸ்டோன்ஸின் 1971 ஜிப் அட்டை கிடைத்தால், ஜிப்பைப் பாதி வரை இறக்கி வை. மேலே நிறுத்தினால் அதன் தலை அடுத்த தட்டின் பாட்டுப் பகுதியில் பள்ளம் போடும், பாதியில் நின்றால் லேபிளில்தான் படும். அமெரிக்க நாட்டுப்புற இசை வெளியிட்ட ஃபோக்வேஸ் கம்பெனி தட்டு என்றால் கெட்டி அட்டைக்குள் பாட்டுக் குறிப்புப் புத்தகம் ஒன்று இருக்கும். நம் ஈரத்தில் அது அட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பிய்க்காதே. ப்ளூஸ் தட்டுகளை எப்போதும் கடைசியாகத் தள்ளாதே, அவை எண்ணிக்கையில் குறைவு, மறுபடி கிடைப்பது அரிது.

விலைக்கு வழி இது: மூன்று அடுக்காகப் பிரி. பளபளப்பும் பாட்டும் சரியானவை முதல் அடுக்கு. கழுவிப் பார்க்க வேண்டியவை இரண்டாவது. சாம்பல் பூத்தவை, வளைந்தவை மூன்றாவது. முதல் அடுக்குக்கு மட்டும் மனசுக்குள் விலை போட்டு, அதையே மொத்தத்துக்கும் சொல். மற்ற இரண்டும் இலவசம் என்று நினைத்துக்கொள். 'சண்டே மார்க்கெட்டில் இதையே இவ்வளவுக்கு விற்கிறார்கள்' என்பார்கள். அந்தச் சந்தை நடக்கும் காந்தி வீதியில் ஒரு தட்டுக்குச் சொல்கிற விலையை நூற்றைம்பதால் பெருக்குவது வியாபாரமாகாது.

உறையோடு ஒரு தட்டு கால் கிலோவை நெருங்கும். அப்படியானால் மொத்தம் 35 கிலோவுக்குக் குறையாது. நான்கு அட்டைப்பெட்டியில் நிறுத்தின வாக்கில் அடுக்கு, படுக்க வைக்காதே. காரில் வைத்துவிட்டு வழியில் எங்கும் சாப்பிட இறங்காதே. பூட்டிய காருக்குள் வெயில் ஏறினால் பி.வி.சி. தளர்ந்து அப்பளமாக வளைந்துவிடும். புதுச்சேரியிலிருந்து கடலூர் இருபது கிலோமீட்டர்சொச்சம்தான், நேரே மஞ்சக்குப்பம் வந்துவிடு.

கழுவும் கரைசல் ஒரு லிட்டருக்கு: டிஸ்டில்டு வாட்டர் 800 மி.லி., ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 200 மி.லி., வாசனை சேர்க்காத பாத்திரம் கழுவும் திரவம் மூன்று நான்கு சொட்டு. போர் தண்ணீர் கூடாது. கடலோரத்து உப்பு காய்ந்து பள்ளத்துக்குள் படிந்தால் அதுவே புது சரசரப்பு. பூஞ்சைத் தட்டுகளை வீட்டுக்குள் கொண்டுபோகாமல், மாஸ்க் போட்டுக்கொண்டு மொட்டை மாடி நிழலில் மிருதுவான பிரஷ்ஷால் முதலில் உதறு. பழைய உள்காகிதத்தைத் தூக்கிப் போடு. அதில்தான் வித்துகள் இருக்கின்றன. லேபிளை 10 செ.மீ. அளவுள்ள பிளாஸ்டிக் மூடியால் மறைத்து, கரைசலைத் தடவி இரண்டு நிமிஷம் ஊறவிடு. வெல்வெட் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே இரண்டு பக்கமும் மூன்று நான்கு சுற்று தேய். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசு. அலசலைச் சுருக்கினால் சோப்பு மிஞ்சி முள்ளில் பிசின் மாதிரி திரளும். பாத்திர ஸ்டாண்டில் நிறுத்தி நிழலில் காயவிடு.

பெட்டியில் கனமான பழைய 78 வேகத் தட்டு இருந்தால் ஆல்கஹால் படவே கூடாது. அது அரக்குத் தட்டு, கரைந்துவிடும். அதற்கு 3 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஆரமுள்ள அகல முனை முள் வேறு வேண்டும்.

வைப்பதற்கு: சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி, நிமிர்த்தி. ஐப்பசி கார்த்திகையில் அலமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் வைத்து, நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி வை. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று நம் கரையைக் கடந்தபோது தரையில் இருந்த எதுவும் தப்பவில்லை என்பது உனக்கே தெரியும். உள் உறை பாலிதீனில் போடு. பி.வி.சி. வெளி உறை வேண்டாம், வெயிலில் வியர்த்துத் தட்டில் மங்கல் படியும். அந்துருண்டையும் வேண்டாம்.

அந்த வீட்டு பிளேயரையும் சேர்த்துத் தருகிறேன் என்றால், பின்பக்கத் தகட்டைப் பார். 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் பிரான்சிலிருந்து வந்ததாக இருக்கலாம், நம் மின்சாரத்தில் ஓடும். அமெரிக்க 60 ஹெர்ட்ஸ் மோட்டார் என்றால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் மாட்டினாலும் வேகம் ஆறில் ஐந்தாகக் குறையும்; பாடகர் தூக்கத்தில் பாடுவதுபோல் இருக்கும். எதுவானாலும் ரப்பர் பெல்ட்டையும் முள்ளையும் மாற்றாமல் ஒரு தட்டையும் அதில் வைக்காதே.

பெட்டியின் அடியில் 7 அங்குலச் சிறு தட்டுகள் கிடந்தால் எண்ணிக்கையில் சேர்க்க மறக்காதே. பிரான்சில் 60களில் நான்கு பாட்டு 45கள் வண்ணப்பட உறையோடு வந்தன. நடு ஓட்டை பெரிதாக, 38 மி.மீ. இருந்தால் அடாப்டர் வேண்டும். அதையும் அந்தப் பெட்டியிலேயே தேடிப் பார்.

அன்புடன்,
மாமா