நாதிர் மாமாவும் நீல நிலாவும்: ஆங்கிலம்–உருது மீனிங் புத்தகம் தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாசிரியர்களுக்கு, வணக்கம்.

ஆம்பூரில் உருது மீடியம் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். என் வீட்டு மொழி தமிழ். உருது தெருவில் கற்றது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான் தெரியும். இதை வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதலாமா என்று ரொம்ப நாள் தயங்கினேன். ஆனால் உங்கள் புத்தகங்களைப் பிள்ளைகள் தினமும் என் முன்னால்தான் விரிக்கிறார்கள்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதற்குக் கடகடவென்று அர்த்தம் ஒப்பித்தாள்: 'ஷாஸ்-ஓ-நாதிர்', அதாவது எப்போதாவது, அபூர்வமாக. புத்தகத்தில் இருப்பதும் அதுதான், தப்பே இல்லை. "அப்படின்னா என்னம்மா?" என்றேன். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள். "நாதிர் எங்க மாமா பேர் சார்."

எல்லோரும் சிரித்தோம், அவளும்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவள் வீட்டில் பேசுவது தக்னி, அதாவது தென்னாட்டுப் பேச்சு உருது. வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹௌ', ஏன் என்பதற்கு 'கைக்கு'. அந்த வீட்டில் 'ஷாஸ்-ஓ-நாதிர்' யார் வாயிலும் வராது. தெரியாத ஒரு சொல்லுக்குத் தெரியாத இன்னொரு சொல்லை மனப்பாடம் செய்து, அதற்கு மார்க்கும் வாங்கிவிடுகிறாள்.

சரி என்று வேறு மாதிரி கேட்டேன். "ரொம்ப நாளா கண்ணுலயே படாத ஆள் திடீர்னு வந்தா வீட்டுல என்ன சொல்வாங்க?" மூன்று குரல் ஒன்றாக வந்தது: "ஈத் கா சாந்த்!" பெருநாள் பிறை. அங்கேயும் நிலா, இங்கேயும் நிலா. பிறை ஆளைச் சொல்லும், 'ப்ளூ மூன்' எப்போதாவது நடக்கும் காரியத்தைச் சொல்லும். அந்த வித்தியாசத்தை விளக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. உருதுவில் 'கூலர் கா பூல்' என்றும் ஒன்று இருக்கிறது. கூலர் என்பது நம் அத்தி மரம். 'அத்தி பூத்த மாதிரி' என்று தமிழில் சொல்கிறோமே, அதே பூ! இதைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்படி எத்தனையோ கிடக்கின்றன. வேலை தெரியாதவன் கருவியைக் குறை சொல்லும் ஆங்கிலப் பழமொழிக்கு உருதுவில் 'நாச் ந ஜானே ஆங்கன் டேடா'. அதாவது ஆடத் தெரியாதவளுக்கு முற்றம் கோணல். தமிழில் கூடம் கோணல். முற்றத்துக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு வாசற்படிதான். காலிப் பாத்திரம்தான் அதிகம் சத்தம் போடும் என்பான் இங்கிலீஷ்காரன். உருதுவில் 'அத்ஜல் கக்ரி சல்கத் ஜாய்', நம் குறைகுடமேதான். ரஸீத், வகீல், பாக்கி போன்ற அர்த்தங்களில் சிக்கலே இல்லை. அவை தமிழ்ப் பிள்ளைகளுக்கே தெரிந்த சொற்கள்.

சொல்லுக்குச் சொல் வைத்தால் இன்னொரு வம்பும் உண்டு. 'வைஸ் ஆஸ் அன் அவ்ல்', ஆந்தையைப் போல அறிவாளி, என்று ஒரு பாடத்தில் வந்தது. 'அவ்ல்' என்றால் 'உல்லூ' என்கிறது புத்தகம். உருதுவில் உல்லூ ஆந்தைதான், ஆனால் ஒருவரை உல்லூ என்றால் முட்டாள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முட்டாளைப் போல அறிவாளி! அன்று பாடம் நடக்கவில்லை. ஆங்கிலத்தில் ஆந்தை அறிவாளிப் பறவை என்று பக்கத்தில் ஒரே ஒரு வரி போட்டிருக்கலாம்.

அப்புறம் அந்த உச்சரிப்புப் பத்தி. படுக்கையைச் சொல்லும் 'பெட்', கெட்டதைச் சொல்லும் 'பேட்' இரண்டையும் உருது எழுத்தில் பே, யே, டால் என்று ஒரே மாதிரி அச்சடிக்கிறீர்கள். பனியனும் மேற்கும் இரண்டுமே 'வெஸ்ட்', இரண்டுக்கும் அதே 'வாவ்' எழுத்து. எழுத்தைக் குறை சொல்லவில்லை. தமிழில் 'பெட்' என்று எழுதினால் படுக்கையா நாய்க்குட்டியா என்று நாங்களும்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பனியன் என்றால் மேல்பல் கீழுதட்டைத் தொடும், மேற்கு என்றால் உதடு குவியும் என்று ஒரு குறிப்பு போதும்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. 1879-இல் வந்த தன் ஹிந்துஸ்தானி–ஆங்கில அகராதிக்காக எஸ். டபிள்யூ. ஃபாலன் வீட்டுப் பெண்களின் பேச்சையும் பழமொழிகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். வெள்ளைக்காரருக்கே அவ்வளவு அக்கறை இருந்தது. உங்களுக்கோ உங்கள் அம்மாவும் பாட்டியும் பேசிய பேச்சு.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். இலக்கிய உருது அர்த்தம் இருக்கட்டும், பரீட்சைக்கு அது வேண்டும். அதன் கீழே வீட்டில் சொல்லும் சொலவடை ஒன்றும், பிள்ளை தன் வாயால் சொல்லக்கூடிய ஒரு வாக்கியமும் சேருங்கள். ஆயிரம் மரபுத்தொடர் என்று அட்டையில் போட்டுக்கொள்ள வேண்டாம், இருநூறு போதும். தமிழும் ஒரு வரி சேர்த்தால் எனக்குச் சந்தோஷம். நம் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளியில் தமிழும் படிக்கிறார்கள், கடைத்தெருவிலும் அதைத்தான் பேசுகிறார்கள்.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் புரூஃபை எடுத்துக்கொண்டு ஒரு நாள் வாருங்கள். அஸர் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், சூரியன் மறைந்ததும் வரும் மஃக்ரிப் தொழுகைக்குள் அனுப்பிவிடுவேன். எந்த அர்த்தம் புரிகிறது, எது புரியவில்லை என்று அவர்களே சொல்வார்கள். நாதிர் மாமாவின் மருமகள் முதல் வரிசையில்தான் உட்காருவாள்.

இப்படிக்கு,
ஆம்பூர் டியூஷன் வாத்தியார்