அரங்க ஒலித் திருத்தப் பணியில் உள்ள குறைகளைச் சரிசெய்து தரக் கோரி

அனுப்புநர்:
பொதுக் கூட்ட அரங்க நிர்வாகக் குழு

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் பிரிவு,
அரங்க ஒலித் திருத்தப் பணியை மேற்கொண்ட நிறுவனம்

பொருள்: பேச்சுத் தெளிவு குறித்த ஒப்பந்த நிபந்தனைகள் நிறைவேறாமை; தீப்பாதுகாப்புக் குறை

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் அரங்கில் தாங்கள் முடித்துக் கொடுத்த பணியை ஏற்றுக்கொள்ள இயலாது. ஒலி உறிஞ்சும் பேனல்கள் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கின்றன, ஒட்டிய விதத்திலும் பழுதில்லை. ஆனால் பணி ஆணையில் கேட்டது வேறு. ஆளில்லாத அரங்கில் 500, 1000 ஹெர்ட்ஸ் இரண்டிலும் எதிர்முழக்க நேரம், அதாவது ஒலி நின்றபின் அதன் முழக்கம் அடங்க ஆகும் நேரம், 1.0 நொடியைத் தாண்டக்கூடாது, பின்வரிசையில் எஸ்.டி.ஐ. எனும் பேச்சுத் தெளிவுக் குறியீடு 0.60-க்குக் குறையக்கூடாது. இரண்டுமே நிறைவேறவில்லை.

பணிக்கு முன் 500 ஹெர்ட்ஸில் 2.6 நொடியாக இருந்த எதிர்முழக்கம் இப்போது 1.6 நொடி. 1000 ஹெர்ட்ஸில் 2.4 இருந்தது 1.4 ஆகியிருக்கிறது. 250 ஹெர்ட்ஸில் இன்னும் 2.2, 125 ஹெர்ட்ஸில் 2.9 என்பது 2.7 ஆனதோடு சரி. பின்வரிசை எஸ்.டி.ஐ. 0.42-லிருந்து 0.49-க்கு வந்திருக்கிறது. அரங்கில் உட்கார்ந்து கேட்பவருக்கு இதன் பொருள், ‘பத்து’ என்றாலும் ‘பட்டு’ என்றாலும் ஒன்றுபோலவே காதில் விழும். உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. அது அடங்காமல் நீடித்து, அடுத்து வரும் மெல்லிய மெய்யொலிகளை மூடிவிடுகிறது. தாங்கள் குறைத்திருப்பது மேல் அதிர்வெண்களை. குரல் மந்தமாகியிருக்கிறது, தெளியவில்லை.

ஏன் இப்படி ஆனது என்பது தாங்கள் தந்த கணக்குத் தாளிலேயே இருக்கிறது. அரங்கம் 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். கன அளவு 1200 கன மீட்டர். சபைன் சூத்திரப்படி 0.161-ஐக் கன அளவால் பெருக்கினால் 193. அதை மொத்த உட்கவர் பரப்பால் (ஒவ்வொரு பரப்பையும் அது ஒலியை உறிஞ்சும் விகிதத்தால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். நூறாண்டுக்கும் மேலாகப் புழக்கத்தில் உள்ள கணக்கு இது, இதில் குழப்பத்துக்கு இடமில்லை. 1.0 நொடி வேண்டுமென்றால் 193 சதுர மீட்டர் உட்கவர்தல் வேண்டும். அரங்கில் முன்பே 74 இருந்தது. தாங்கள் பொருத்திய 96 சதுர மீட்டர் பேனலைத் தாங்கள் தந்த உறிஞ்சும் விகிதமான 0.85-ஆல் பெருக்கினாலும் 82-தான் சேர்கிறது. மொத்தம் 156, நேரம் 1.24 நொடி. அப்படியிருக்க, தாளில் 0.9 நொடி எப்படி வந்தது? ஆளுக்கு 0.4 சதுர மீட்டர் உட்கவர்தல் வீதம் 150 பார்வையாளர்களைச் சத்தமில்லாமல் உள்ளே உட்கார வைத்திருக்கிறீர்கள். ‘ஆளில்லாத நிலையில்’ என்று பணி ஆணையில் எழுதியதற்குக் காரணமே அதுதான். முப்பது பேர் வரும் கூட்டத்திலும் பேச்சு புரிய வேண்டும்.

அந்த 0.85-உம் எங்கள் சுவருக்குப் பொருந்தாத எண். தங்கள் விவரத் தாளின் அடிக்குறிப்பில், பேனலுக்குப் பின்னால் 400 மி.மீ. காற்றிடைவெளி விட்டுச் சோதித்ததாகப் பொடி எழுத்தில் இருக்கிறது. இங்கே 25 மி.மீ. பேனலைச் சுவரோடு ஒட்டியிருக்கிறீர்கள். துளையுள்ள பொருள் காற்றின் அசைவைத்தான் உறிஞ்சும். சுவரை ஒட்டிய இடத்தில் அந்த அசைவு ஏறத்தாழ இல்லை, கால் அலைநீளத் தொலைவில்தான் அது உச்சம் பெறுகிறது. 1000 ஹெர்ட்ஸுக்கு அத்தொலைவு 8.6 செ.மீ., 250 ஹெர்ட்ஸுக்கு 34 செ.மீ. ஆகவே நேரடியாக ஒட்டிய 25 மி.மீ. ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) பேனலிடம் 1000 ஹெர்ட்ஸில் 0.85 எதிர்பார்க்கலாம், 500-இல் 0.65, 250-இல் 0.25 அளவுதான். இவற்றோடு 2000 ஹெர்ட்ஸின் எண்ணையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், என்.ஆர்.சி. எனும் சராசரி உறிஞ்சும் எண் 0.65-ஐ ஒட்டித்தான் வரும். அந்தச் சராசரியில் 125 ஹெர்ட்ஸ் சேரவே சேராது. பேச்சு அரங்குக்கு என்.ஆர்.சி. என்ற ஒற்றை எண்ணைக் காட்டி விலைப்புள்ளி தருவதையே தாங்கள் நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்தத் திருத்திய எண்களை வைத்தாலும் 500 ஹெர்ட்ஸில் 1.4 நொடி வந்திருக்க வேண்டும், வந்ததோ 1.6. மீதிக் குறை பேனல்களின் இடத்தில் இருக்கிறது. 96 சதுர மீட்டரும் இரு பக்கச் சுவர்களில், தரையிலிருந்து 2.4 மீட்டர் உயரம் வரை. கூரையில் ஒன்றுமில்லை, பின்சுவரிலும் ஒன்றுமில்லை. ஒலி எல்லாத் திசையிலும் சமமாகப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் சபைன் கணக்கு நடக்கிறது. இங்கே பக்கவாட்டில் போகும் ஒலி அடங்கிவிடுகிறது, தரைக்கும் கூரைக்கும் இடையே போய்வருவது அடங்குவதில்லை. நடு அரங்கில் நின்று ஒரு முறை கைதட்டினால் 29 மில்லி நொடிக்கு ஒன்றாகப் படபடவென்று திரும்பும் ஒலியைத் தங்கள் பொறியாளரே கேட்கலாம். மேடையில் நிற்பவருக்கு வேறு தொல்லை. அவர் குரல் 18 மீட்டர் தள்ளியுள்ள பின்சுவரில் பட்டு, 105 மில்லி நொடி கழித்துத் தனி எதிரொலியாக அவரிடமே வருகிறது. அதனால் பேசுபவர் தடுமாறுகிறார்.

இதைச் சொன்னபோது, ஆம்ப்ளிஃபயரில் ஒலியளவைக் கூட்டச் சொன்னார் தங்கள் தொழில்நுட்பர். கூட்டினால் ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் நேரொலியும் எதிர்முழக்கமும் ஒரே அளவில் கூடும், விகிதம் மாறாது. மேடையோரம் வைத்த பெட்டி ஸ்பீக்கர்களிலிருந்து ஏறத்தாழ 3.5 மீட்டரைத் தாண்டினாலே இந்த அரங்கில் எதிர்முழக்கம் நேரொலியை மிஞ்சிவிடுகிறது. அதாவது இரண்டாம் வரிசைக்குப் பின்னால் இருப்பவர் எல்லாருக்கும்.

மேலும் மூன்று குறைகள். மேடையை ஒட்டிய பேனல்களில் துணிக்குப் பதில் ரெக்சின் போர்த்தியிருக்கிறது; வாயை வைத்து ஊதினால் காற்று உள்ளே போகவில்லை, மேல் அதிர்வெண் ஒலியும் போகாது. ஏ.சி.யின் காற்று திரும்பும் கிரில் இரண்டை உங்கள் பேனல் பாதி மூடியிருக்கிறது. மீதிச் சந்தில் காற்று சீறுவதால் பின்னணிச் சத்தம் 38-லிருந்து 44 டெசிபெலாக உயர்ந்துவிட்டது.

மூன்றாவதை மற்றவற்றோடு சேர்த்துப் பேச முடியாது. மேடை வலப்புற வெளியேறும் வழியை ஒட்டி, முட்டை அட்டை வடிவ பாலியூரித்தேன் நுரை ஒட்டப்பட்டிருக்கிறது. பணி ஆணையில் இல்லாத பொருள். தீத்தடுப்புச் சான்றும் தரப்படவில்லை. இந்த நுரை எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இரவு விடுதியின் மேடையைச் சுற்றியிருந்த நுரையில் வாணப்பொறி பற்றி 100 பேர் இறந்தார்கள். இதை 3 நாட்களுக்குள் அகற்றுங்கள். அதுவரை அரங்கைப் பயன்பாட்டுக்குத் திறக்கப் போவதில்லை.

மற்றவற்றுக்கு நாங்கள் கேட்பது: கூரையிலிருந்து 200 மி.மீ. கீழே தொங்கும்படி 50 மி.மீ. ராக்வூல் பேனல் 56 சதுர மீட்டர். மேடைக்கு முன்னுள்ள மூன்றில் ஒரு பங்குக் கூரையைத் தொட வேண்டாம். அங்கே பட்டுத் திரும்பும் ஒலி 50 மில்லி நொடிக்குள் காதை அடைந்து குரலுக்கு வலுச் சேர்ப்பது. கூரை முழுவதையும் மூடினால் அதையும் இழந்துவிடுவோம். பின்சுவரில் 1 மீட்டரிலிருந்து 3 மீட்டர் உயரம் வரை, முழு அகலத்துக்கும் 100 மி.மீ. தடிமனில் 24 சதுர மீட்டர். ரெக்சினைக் கழற்றிக் காற்று ஊடுருவும் துணி. கிரில்களை முழுதாகத் திறந்துவிட வேண்டும். பெட்டி ஸ்பீக்கர்களுக்குப் பதிலாகக் கேட்பவர் பக்கம் சாய்த்த தூண் வடிவ (column) ஸ்பீக்கர்கள். அவற்றுக்கு 10 மீட்டர் முன்னால் துணை ஸ்பீக்கர் ஜோடி ஒன்று, 40 மில்லி நொடித் தாமதத்துடன். ஒலி அத்தொலைவைக் கடக்க 29 மில்லி நொடி ஆகும். மேலே சேர்த்த பத்துச் சொச்சம், குரல் மேடையிலிருந்தே வருவதாகக் காது உணர்வதற்காக.

வேலை முடிந்ததும் ஆளில்லாத அரங்கில், ஏ.சி. ஓடும்போது, எங்கள் முன்னிலையில் 125 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வோர் ஆக்டேவ் பட்டையாக (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படியாக) அளந்து காட்ட வேண்டும். ஏற்கெனவே சொன்ன இரு நிபந்தனைகளோடு 250 ஹெர்ட்ஸில் 1.3 நொடியைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். எங்கள் அளவீட்டுத் தாள்களை இத்துடன் இணைத்திருக்கிறோம். 15 நாட்களுக்குள் பணித்திட்டத்தை எழுத்தில் அனுப்புங்கள். இல்லையேல் வேறு ஒப்பந்ததாரரைக் கொண்டு முடித்து, அந்தச் செலவை நிறுத்தி வைத்துள்ள இறுதித் தவணையில் கழித்துக்கொண்டு, நுகர்வோர் ஆணையத்தையும் அணுகுவோம்.

இப்படிக்கு,
அரங்க நிர்வாகக் குழுவினர்