10 பிளை டயரும் 28 பி.எஸ்.ஐ. அட்டையும்: உத்தரவாத மறுப்புக்கு எதிரான புகார்

அனுப்புநர்:
டபுள் கெப் உரிமையாளர்கள்,
ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு மாவட்டம்.

பெறுநர்:
முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
டயர் இறக்குமதி நிறுவனம், கொழும்பு.

ஐயா/அம்மணி,

விடயம்: எல்.ரி. (இலகு லொறி வகை) 265/70 ஆர்17, 121/118 எஸ், ஈ சுமை வகை ஓல்-டெரெய்ன் டயர்கள் இரண்டுக்கு உத்தரவாதம் மறுக்கப்பட்டமை. தவறான காற்றழுத்த அட்டை

உங்கள் பரிசோதகர் இரண்டு பின் சில்லு டயர்களையும் கழற்றிப் பார்த்துவிட்டு, "குறைந்த காற்றில் ஓடியதால் ஏற்பட்ட சேதம், உத்தரவாதம் பொருந்தாது" என்று எழுதித் தந்திருக்கிறார். அவர் கண்டது சரி. உட்பக்கச் சுவரில் சுற்றிவர வளையம் போட்டதுபோலத் தேய்வு இருக்கிறது, உள்ளே கறுப்புத் தூள் கொட்டிக் கிடக்கிறது, நடுப் பள்ளத்தின் ஆழம் 9 மி.மீ. இருக்க இரு ஓரமும் 7.6 க்கு இறங்கிவிட்டது. கல்லில் மோதி உடைந்த டயர் என்றால் உள் ஓட்டில் ஓரிடத்தில் மட்டும் சிலுவை போல வெடிப்புத் தெரியும். அது இங்கே இல்லை. வலப் பின் டயரில் மிதிப்பகுதிக்கு அடியிலுள்ள இரும்புப் பட்டி ஓரத்தில் கழன்றுவிட்டது, இடப் பின் டயரில் அதே இடம் வீங்கியிருக்கிறது. இவை காற்றுக் குறைந்து, சுவர் மடிந்து மடிந்து சூடேறிய டயரின் அடையாளங்கள். இதில் எங்களுக்கும் உங்களுக்கும் வழக்கில்லை.

அந்தக் காற்றை அடிக்கச் சொன்னது யார் என்பதில்தான் வழக்கு. டயரோடு உங்கள் முகவர் தந்த அட்டையில் "தார் வீதி 33, கிரவல் 28" என்று காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ. அளவில் அச்சிட்டிருக்கிறது. எந்த அளவு டயர், எந்தச் சுமை வகை, பெட்டியில் எவ்வளவு பாரம் என்று ஒரு சொல்லும் இல்லை. கார் வகை டயருக்கும் எல்.ரி. டயருக்கும் ஒரே அட்டை.

எங்கள் டபுள் கெப் பிக்-அப் வாகனத்துக்கு உற்பத்தியாளர் போட்டுவிடுவது 265/65 ஆர்17, சுமைச் சுட்டெண் 112. டொயோட்டா ஹைலக்ஸ் பலவற்றில் வருவதும் இதே அளவுதான். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். கார் வகை டயர் அந்தச் சுமையை 35, 36 பி.எஸ்.ஐ. யில் எட்டிவிடும். அதைக் கழற்றிவிட்டு உங்கள் முகவர் போட்டது 121 சுட்டெண், அதாவது 1450 கிலோ. கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் அந்த 1450 கிடைப்பது 80 பி.எஸ்.ஐ. யில். இதே அளவில் சி வகை டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள்: 50 பி.எஸ்.ஐ., 112. சுமை–காற்று அட்டவணை சி க்கும் ஈ க்கும் ஒன்றுதான். ஈ வகையில் மேலே இன்னும் அடிக்கலாம், அவ்வளவே. ஆகவே பழைய கார் வகை டயர் 35 இல் தூக்கியதை உங்கள் கனத்த டயர் தூக்க 50 வேண்டும். 35 இல் அது ஆயிரம் கிலோவுக்கும் கீழேதான் தாங்கும். எல்.ரி. அட்டவணைகள் பொதுவாகத் தொடங்குவதே 35 இல். உங்கள் அட்டையின் 33 உம் 28 உம் அதற்குள் அடங்கவே அடங்காது.

50 கிலோ யூரியாப் பை பதினாறு ஏற்றினால் பெட்டியில் 800 கிலோ. அதில் பெரும் பங்கு பின் அச்சில் இறங்குகிறது, பெட்டியின் சொந்தப் பாரம் வேறு. குளக்கட்டில் வண்டி ஒரு பக்கம் சரிந்து ஓடும்போது இறக்கப் பக்கச் சில்லு தன் பங்குக்கு மேலும் வாங்கும். வாகனத்தின் அனுமதிச் சுமைக்குள் நின்றாலும் 28 இல் அந்த டயருக்குத் தாங்குதிறனில் மிச்சமே கிடையாது. ஈ வகையைத்தான் கடையில் "10 பிளை, என்ன ஏற்றினாலும் அசையாது" என்று சொல்கிறார்கள். காற்றுத்தான் பாரம் தூக்குகிறது. றப்பர் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

இன்னொன்று, அந்தப் "10 பிளை" என்பதே பலத்தைக் குறிக்கும் பழைய அளவுகோல். இதே டயரின் பக்கச் சுவரில் சின்ன எழுத்தில் பொறித்திருக்கிறது: சுவரில் பொலியெஸ்டர் 2, மிதிப்பகுதியில் பொலியெஸ்டர் 2, இரும்பு 2, நைலோன் 1. பத்து அடுக்கை எங்கே தேடுவது? உங்கள் விளம்பரத் தாளோ "பத்து அடுக்குச் சுவர், முள் ஏறாது" என்கிறது. விடத்தல் முள்ளும் உடை முள்ளும் கிடக்கிற காட்டுப் பாதையில் இதை நம்பிப் போகிறவர்களுக்குச் சுவரில் ஓட்டை விழுந்தால் ஒட்டவும் முடியாது. மிதிப்பகுதியில் 6 மி.மீ. வரையான துளையை உள்ளிருந்து ஒட்டலாம்; சுவர் போனால் டயர் போயிற்று. மூன்றடுக்குச் சுவர் உள்ள டயர்கள் சந்தையில் உண்டு. வித்தியாசத்தைச் சொல்லி விற்பதில் உங்களுக்கு என்ன நட்டம்?

பட்டி கழன்றது கிரவலில் இல்லை, ஏ9 பெருவீதியில். உங்கள் பரிசோதகரின் அறிக்கையில் இந்த விடயம் இல்லாதபடியால் சொல்கிறோம். கிரவலில் காற்றைக் குறைப்பது பிழையான பழக்கம் என்று நாங்கள் சொல்லவில்லை. குறைந்த காற்றில் டயர் கல்லுக்கு வளைந்து கொடுக்கும், வெட்டுக் குறையும், உலுப்பலும் குறையும். ஆனால் அது பாரமில்லாத வண்டிக்கு, வேகத்தைக் குறைத்து ஓடும்வரைக்கும். ஒட்டுசுட்டான் உள்வீதியில் 28 வைத்து ஓடிய வண்டி அப்படியே ஏ34 ஆல் மாங்குளம் ஏறி, கார்ப்பெட் வீதியில் 70 இல் உச்சி வெயிலில் போனால் டயர் அவியத்தான் செய்யும். "தார் வீதிக்கு ஏறுமுன் திரும்ப அடிக்கவும்" என்று ஒரு வரி உங்கள் அட்டையில் இருந்திருக்க வேண்டும். முல்லைத்தீவுக் கடற்கரை மணலுக்கு 15 முதல் 18 வரை இறக்கி, மெதுவாக ஓடி, வெளியே வந்ததும் ஏற்றுவது தெரிந்தவர்கள் செய்வது. அதற்கும் அட்டையில் இடமில்லை.

சூட்டை அளக்க ஒரு எளிய வழி உண்டு, அதையாவது அச்சிடுங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டு நிறுத்தி உடனே திரும்ப அளக்க வேண்டும். கார் வகை டயரில் 4, எல்.ரி. டயரில் 6 பி.எஸ்.ஐ. க்கு மேல் ஏறியிருந்தால் தொடக்கத்தில் அடித்தது போதாது. சூட்டில் ஏறிய காற்றைத் திறந்துவிடக் கூடாது. பல ஒட்டுக் கடைகளில் அதைத்தான் செய்கிறார்கள், பிறகு குளிர்ந்ததும் இன்னும் குறைந்து நிற்கும்.

அளவு மாற்றத்தைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. 265/65 ஆர்17 இன் விட்டம் 776 மி.மீ. நீங்கள் போட்டது 803. வேகமானி 60 காட்டும்போது வண்டி 62 இல் ஓடுகிறது. அது பெரிய விடயம் இல்லை. முன் சில்லை முழுக்க ஒடிக்கும்போது மட்கார்ட்டின் உட்பக்கத்தில் உரசுவதுதான் தொல்லை.

பனிக் குறிக்கு வருவோம். மூன்று சிகர மலையும் பனிச் செதிலும் பொறித்த டயரை உங்கள் முகவர்கள் "எல்லாக் காலநிலைக்கும்" என்று சொல்லி விற்கிறார்கள். அந்தக் குறி பனியில் பிடிமானம் சோதித்ததற்கானது. அதற்காக மிதிப்பகுதிக் கட்டைகளில் மெல்லிய கீறல்களை நிறைய வெட்டுவார்கள், றப்பரும் குளிரில் இறுகாத கலவையாக இருப்பது வழக்கம். குறி உள்ள எல்லா டயரும் கெட்டது என்றில்லை. ஆனால் உடைகல் பரவிக் கிடக்கும் திருத்த வேலை வீதிகளில் இந்த மாதிரியின் கட்டை ஓரங்கள் நகத்தால் கிள்ளியதுபோலப் பிய்ந்து வருகின்றன, பின் சில்லில் கூடுதலாக. ஒடுங்கிய பள்ளத்தில் கல் சிக்கி உள்ளே துளைப்பதும் அப்படியே. பள்ளத்தின் அடியில் கல்லைத் தள்ளிவிடும் மேடு இந்த மாதிரியில் இல்லை. வன்னிக்கு எடுக்கும்போது பனிக் குறியை விட அந்த மேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

"சேறு, மணல், கல் எல்லாவற்றுக்கும்" என்று எழுதுவதற்கும் ஒரு எல்லை வேண்டாமா? முல்லைத்தீவுப் பக்கத்துச் செம்மண் மழை விட்டதும் தண்ணீரை உறிஞ்சிவிடும், இந்த டயர் அதில் போகும். மன்னார் முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களி காலபோக மழையில் பள்ளங்களை அடைத்துவிடும். இரண்டு சுற்றில் மொட்டை டயர் மாதிரி. அங்கே வாங்குபவரிடம் இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

உற்பத்திக் குறியின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். நான்கு டயரிலும் நான்கு விதமான குறி இருக்கிறது. பற்றுச்சீட்டில் "புதியது, ஒரே தொகுதி" என்று எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் கோரிக்கை இதுதான். இரண்டு டயரையும் தேய்வுக் கணக்கில், அதாவது தேய்ந்த பங்கை மட்டும் எங்கள் பொறுப்பில் வைத்து, மாற்றித் தாருங்கள். பள்ளத்தின் ஆழம் புதிதில் 12 மி.மீ., தேய்வு எல்லை 1.6, பாவிக்கக்கூடியது 10.4. மிகத் தேய்ந்த இடத்தை வைத்துக் கணக்குப் பார்த்தாலும் 6 மி.மீ. மிச்சம், ஏறத்தாழ 58 சதவீதம். மாற்றாக ஈ வகை வேண்டாம். 265/65 ஆர்17, 116 சுட்டெண் உள்ள எக்ஸ்.எல். (கூடுதல் சுமை) வகையில் தந்தால் போதும், 42 பி.எஸ்.ஐ. அளவில் 1250 கிலோ தாங்கும், வேகமானியும் சரியாய் இருக்கும். பாரம் ஏற்றும் டபுள் கெப்களில் பெரும்பாலானவற்றுக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. எந்நாளும் உடைகல்லில் நிற்கும் வண்டிக்கு மட்டும் மூன்றடுக்குச் சுவருள்ள எல்.ரி. சி வகை, அதுவும் 50 ஐ ஒட்டிய காற்றோடு.

அந்த அட்டையை உடனே திரும்பப் பெறுங்கள். அளவு, சுமை வகை, அச்சில் இறங்கும் பாரம் என்று பிரித்த அட்டவணையைத் தமிழிலும் அச்சிட்டு மாங்குளம், கிளிநொச்சி, வவுனியா, மன்னார் முகவர்களிடம் கொடுங்கள். இப்போதைய உத்தரவாதத் தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. தமிழ் அரச மொழியாய் உள்ள நாட்டில் அதை விளக்க ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

டயர்கள் இரண்டும் கழற்றியபடியே இருக்கின்றன, உள்ளே உள்ள தூளையும் கூட்டவில்லை. திரும்பச் சோதிக்க விரும்பினால் ஆளை அனுப்பலாம், ஆனால் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். கடிதம் கிடைத்து 21 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு போகும்.

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, காற்றழுத்த அட்டையின் இரு பக்கப் பிரதி, பரிசோதகரின் அறிக்கை, உட்சுவரினதும் உற்பத்திக் குறிகளினதும் படங்கள்.

இப்படிக்கு,
டபுள் கெப் உரிமையாளர்கள்,
ஒட்டுசுட்டான்.